தோள்வலிக்குப் பின் மீண்டும் மட்டை பிடிக்க

தோள்மூட்டு, ஆழமில்லாத கிண்ணத்தில் அமர்ந்த பந்து போன்றது. அதை நழுவாமல் பிடித்திருப்பவை சுற்றியுள்ள 4 தசைகள். தலைக்கு மேல் ஓங்கி அடிக்கும் பாட்மின்டன், டென்னிஸ் அன்பர்களுக்கு இவையே அடிக்கடி நோகும்.

டாக்டர் அனுமதித்த பிறகு, முன்குனிந்து கையைத் தளரத் தொங்கவிட்டு ஊசல்போல் மெல்ல ஆட்டுங்கள். வலி தணிந்ததும், மடக்கிய முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, கதவுப் பிடியில் கட்டிய ரப்பர் பட்டையை வெளிப்புறமாக இழுங்கள்; 10 முதல் 15 தடவை, 3 சுற்று.

பழுதுபார்த்த தண்டவாளத்தில் முதல் நாளே நாங்கள் முழு வேகத்தில் வண்டி விட்டதில்லை. தோளுக்கும் அதே விதிதான்: முதலில் பந்தில்லாமல் வீச்சு, பிறகு தாழ்ந்த அடி, கடைசியில்தான் ஸ்மாஷ். 2008 அக்டோபரில் தோளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மரியா ஷரபோவா, 2012ல் பிரெஞ்சு ஓபனை வென்றார். பொறுமைக்குப் பலன் உண்டு. இரவில் வலி எழுப்பினாலோ, கையைத் தூக்க முடியாவிட்டாலோ, பயிற்சியை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.