விழுந்து பழக ஒரு வானம்

ட்ரோன் உங்களுக்கு முதுகைக் காட்டிப் பறக்கிறது. ரிமோட்டின் வலது குச்சியை வலப்பக்கம் தள்ளினால் அதுவும் வலப்பக்கம் போகும். இப்போது அதை உங்களைப் பார்க்கத் திருப்புங்கள். அதே குச்சியை அதே பக்கம் தள்ளினால் உங்கள் இடப்பக்கம் போகும்! பதற்றத்தில் இன்னும் தள்ளினால் இன்னும் விலகும். புதிதாகப் பழகும் பலரும் தடுமாறும் இடம் இது.

பத்து லிட்டர் மருந்து சுமந்த ட்ரோன் வயலில் இப்படித் தடம் மாறினால் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முதல் பறத்தல் சிமுலேட்டரில் நடக்கிறது. கையில் இருப்பது நிஜ ரிமோட் போன்றதே; யு.எஸ்.பி. வயர் அதைக் கணினியோடு இணைக்கிறது. குச்சி அசைந்த அளவு, ட்ரோனின் எடை, விசிறிகளின் உந்துவிசை, காற்றின் வேகம் எல்லாவற்றையும் சேர்த்து, ட்ரோன் எங்கே நகரும் என்று மென்பொருள் நொடிக்குப் பல முறை கணக்கிடுகிறது. மரத்தில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், புது ட்ரோன் தயார்.

யோசனை பழையது. 1929இல் அமெரிக்காவின் பிங்காம்டனில் எட்வின் லிங்க், அப்பாவின் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலையில் கற்ற துருத்தி நுட்பத்தால், தரையில் இருந்தபடியே சாய்ந்து திரும்பும் விமானப் பெட்டியைச் செய்தார். 1934இல் மோசமான வானிலையில் தபால் சுமந்த ராணுவ விமானிகள் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் அமெரிக்க ராணுவம் அதை வாங்கியது.

திறமையை எடைபோடவும் சிமுலேட்டர் உதவும். மாணவரை எட்டு வடிவத்தில் பறக்கவிடச் சொல்வார்கள். எந்த வளைவில் கோடு விலகியது, உயரம் எவ்வளவு ஏறி இறங்கியது என்று பதிவைப் பார்த்துச் சொல்லிவிடலாம். திடீரென ஜி.பி.எஸ்.ஸைத் துண்டித்து, காற்றைக் கூட்டி, அவர் நிதானத்தையும் சோதிக்கலாம். நிஜ வானத்தில் இந்தச் சோதனையைத் துணிந்து வைக்க முடியாது.

ஆனால் திரையில் தூரம் பிடிபடாது; கண் கூசும் வெயிலும் கிடையாது. ஆகவே மைதானப் பயிற்சிக்கு மாற்று இல்லை. இந்தியாவில் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி விமானிச் சான்றிதழ் பெற, அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் பயிற்சி முடிக்க வேண்டும். சுய உதவிக் குழுப் பெண்களுக்கான ‘நமோ ட்ரோன் தீதி’ திட்டத்தில் பயிற்சி 15 நாள். அவ்வளவு குறுகிய காலத்தில் ஒவ்வொரு மணி நேரமும் பொன்தான். சிமுலேட்டரில் எத்தனை முறை விழுந்தாலும் அந்த நேரம் வீணாவதில்லை.

ட்ரோன் உங்கள் பக்கம் முகம் திருப்பியதும், யோசிக்காமலே கட்டைவிரல் எதிர்ப்பக்கம் நகர வேண்டும். அதுவரை திரையில் விழட்டும். அதன் பிறகு வயலுக்குப் போகலாம்.