யாழ்ப்பாணத்து மேளமரபும் அதன் சமூகத் தளமும்

ஜாஸ் இசையின் தோற்றத்தை ஆராய்ந்தோர் பலரும் அமெரிக்காவின் நியூ ஓர்லீன்ஸ் நகரத் தெருக்களிலிருந்தே தம் ஆய்வைத் தொடங்குவர். அடிமைநிலை நீங்கியும் சமத்துவம் பெறாத கறுப்பின மக்கள், சவ ஊர்வலங்களிலும் விழாக்களிலும் ஊதுகருவிகளையும் முரசுகளையும் கொண்டு வளர்த்தெடுத்த இசை அது. எழுதிவைத்ததை வாசிப்பதினும் அவ்வேளையிற் புதிதாகப் புனைந்து வாசிப்பதே அதன் உயிர்நாடி. அவ்விசையை விரும்பிக் கேட்ட வெள்ளையர் சமூகம் அதனை ஆக்கியோரைச் சமமாக மதிக்க நெடுங்காலம் மறுத்தது. இம்மூன்று பண்புகளும், அதாவது ஊர்வலம், உடனடிப் புனைவு, கலையைப் போற்றிக் கலைஞனைத் தாழ்த்தும் முரண் ஆகியன, ஒருங்கே அமைந்த இசைமரபொன்று யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் உண்டு. நாதஸ்வரமும் தவிலும் இணைந்த பெரிய மேளமே அது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் சார்லி மரியானோ 1970களில் நாதஸ்வரத்தைப் பயின்று தம் இசைப்பதிவுகளிலும் வாசித்தார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. எனினும் இவ்வொப்புமையை ஓர் எல்லைக்கு அப்பால் நீட்டுதல் பொருந்தாது. ஜாஸ் கேளிக்கை விடுதிக்குட் சென்றது. மேளம் கோயில் வீதியை விட்டு அகலவில்லை.

மேளக்காரரின் புனைவாற்றல் புலப்படுமிடம் எதுவெனக் கேட்பின், இராகத்தை விரித்துரைக்கும் ஆலாபனையையே பலர் சுட்டுவர். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அது பெரிதும் பொருந்தும்; அங்கே நாதஸ்வரமே தலைமைக் கருவி. யாழ்ப்பாணத்து இரசிகரோ தவிலுக்காகவும் திரண்டனர். திருவிழா இரவில் பல சோடி நாதஸ்வரங்களும் தவில்களும் வீதியிற் கூடி நிகழ்த்தும் 'மேளச்சமா'வின் உச்சக்கட்டம் தவிற் தனியாகும். அதன் இறுதிப் பகுதியிலே குறைப்பு என்றொரு முறை உண்டு. முதலாமவர் தாளத்தின் குறித்த அளவு ஆவர்த்தனங்களுக்கு ஒரு சொற்கட்டை வாசிக்க, இரண்டாமவர் அதே அளவுக்கு அதற்கு விடை கூறுவார். பின்னர் அவ்வளவு பாதியாகும், பாதியும் பாதியாகும். ஈற்றில் ஓரிரு அட்சரங்களே எஞ்ச, இருவர் கைகளும் ஒன்றாகி மோகராவிலும் கோர்வையிலும் சென்று முடியும். ஜாஸ் கலைஞர் நான்கு நான்கு அளவைகளாக மாறிமாறி வாசிக்கும் முறையை அறிந்தோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஆனால் இங்கே கணக்கு மேலும் நுட்பமானது. திச்ரம், சதுச்ரம், கண்டம், மிச்ரம், சங்கீர்ணம் என மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பதாக நடை மாறியபோதும் தாளம் மாறாது. வீதி மணலில் அமர்ந்திருக்கும் கமக்காரரும் ஆசிரியரும் கடைக்காரரும் விரலை மடித்து அக்கணக்கைத் தொடர்வர். சமத்திலே வந்து விழுமிடத்தை முன்கூட்டியே உணர்ந்து தலையசைப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமிதம்.

இக்கலையின் பொருளாதார அடித்தளம் யாது? புகையிலை, வெங்காயம், மிளகாய் முதலிய பணப்பயிர்களின் வருவாயும், அரச உத்தியோகச் சம்பளமும், மலாயாவிலிருந்து திரும்பியோரின் ஓய்வூதியமும் ஆலயத் திருவிழாக்களில் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயகாரர் இருந்தார். இன்னாரின் திருவிழாவுக்கு எத்தனை கூட்டம் மேளம், இந்தியாவிலிருந்து வந்தவர் யார் என்பதே ஊர்ப் பேச்சாகும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை போன்றோர் கடல் கடந்து இங்கு வந்து வாசித்தமைக்கும் இப்போட்டி ஒரு காரணமாகும். ஆக, மேளத்தைப் புரந்தது பக்தி மட்டுமன்று. நிலமுடைய குடும்பங்களின் கௌரவப் போட்டியும் அதைப் புரந்தது. அதனால் இசை வளர்ந்தது. இசைத்தோரின் நிலையோ வேறு. கருவியைப் பெட்டியில் வைத்ததும், இராகத்தை வியந்த அதே வாய் மேளக்காரரை மரியாதை விகுதியின்றி அழைத்தது. பிறப்பால் வகுக்கப்பட்ட தொழிலாகவே வாசிப்பு கருதப்பட்டமையால் கொடுக்கப்பட்டது சன்மானமே. கூலி பற்றியோ உரிமை பற்றியோ பேச்சு எழவில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் கோரி மாவிட்டபுரத்திற் போராடிய ஆண்டு 1968. உள்ளே நுழையும் உரிமை மறுக்கப்பட்டவரின் செவிக்கும் மேளம் எட்டியது. ஒலிக்கு மதில் தடையன்று. பறையோ நிலைமையில் இன்னும் ஒருபடி கீழானது. அதனைத் தனியே ஆராய வேண்டும்.

இத்தகைய சூழலில் தோன்றியவரே தவில் மேதை தெட்சணாமூர்த்தி. 1933இல் பிறந்த அவர் இணுவிலைச் சேர்ந்தவர். தந்தை விஸ்வலிங்கமும் தவிற் கலைஞரே. பின்னர் அளவெட்டியில் வாழ்ந்தார். தமிழ்நாட்டின் முன்னணி நாதஸ்வர வித்துவான்கள் பலர் அவரைத் தம்முடன் வாசிக்க அழைத்தனர். கலைஞர்கள் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வருவதே வழமையாயிருந்த காலத்தில் அந்த நீரோட்டத்தை எதிர்த்திசையிற் திருப்பியவர் அவர். 1975இல், 42 வயது நிறைவெய்து முன்னரே மறைந்தார். அவரைப் பற்றி அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம் இந்திய தேசிய விருது பெற்றது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் ஆஸ்தான வித்துவானாக விளங்கிய அளவெட்டி என். கே. பத்மநாதன் 2003 வரை வாழ்ந்தார். சாவகச்சேரி பஞ்சாபிகேசனின் பெயரும் இவ்வரிசையிற் சேர்த்து எண்ணத்தக்கது.

1980களின் பின் நிகழ்ந்தவை வாசகர் அறிந்தவை. 1990இல் மாவிட்டபுரமும் அயலூர்களும் மக்களற்றுப் போயின. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. விடியும்வரை நீளும் சமாவுக்கு ஊரடங்குச் சட்டம் இடமளிக்கவில்லை. கலைஞர் சிலர் புலம்பெயர்ந்தனர். இன்று இலண்டன், சூரிச், ரொறன்ரோ ஆகிய நகரங்களிலும் ஜேர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலிலும் திருவிழா என்றால் மேளம் உண்டு.

போர் 2009இல் முடிந்தபின் திருவிழாக்கள் முன்னிலும் பொலிவு பெற்றன. நல்லூரின் 25 நாள் மகோற்சவத்திற் கூடுவோர் தொகை பெரிது. 2011இல் தொடங்கி, காலி நகருடன் முறைமாற்றி நடத்தப்பட்ட யாழ்ப்பாண இசைவிழா நாட்டார் கலைகளுக்குப் புதியதொரு மேடையாயிற்று. எனவே நேரடி இசை அருகிவிட்டது எனக் கூறுதல் தவறு. அருகியது கேட்கும் நேரமே. பல ஆலயங்களில் மேளம் பூசைக்கும் வீதியுலாவுக்கும் உரிய ஒலியாகச் சுருங்க, இரவு நிகழ்ச்சியை மின்னிசைக் குழுக்கள் பெற்றுக்கொண்டன. அவற்றை இகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசையை மலினமென ஒதுக்கிய விமர்சகர்கள், சாதாரண மக்கள் அதிற் கண்ட உயிர்ப்பைக் காணத் தவறினர். ஆயினும் திரைப்பாடலைப் பிசகாமல் மீள வாசிக்கும் குழுவிடம் குறைப்பின் புனைவை எதிர்பார்த்தல் இயலாது. அரைமணி நேரத்துக்குள் முடிக்குமாறு பணிக்கப்பட்ட தவிற்காரராலும் அதனை வழங்க இயலாது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் கூத்தைப் பல்கலைக்கழக அரங்கிற்குக் கொணர்ந்தபோது, அதனைக் கிராமத்துப் பாமரர் கலை என்று எண்ணியிருந்தோரின் நோக்கு மாறியது. அண்ணாவிமார் ஆசிரியராக மதிக்கப்பட்டனர். மேளத்துக்கு அத்துணை ஆய்வுக் கவனம் கிட்டவில்லை. கோயிலில் நாள்தோறும் ஒலிப்பதால் அது காப்பாற்றப்பட வேண்டிய கலையாகத் தோன்றாமற் போயிருத்தல் கூடும். இசைநூல்கள் வாய்ப்பாட்டையும் வீணையையும் பற்றிப் பேசுமளவு தவிற் சொற்கட்டுகளைப் பற்றிப் பேசுவதில்லை. அவை வாய்வழியாகவே வந்தவை; மூத்த தலைமுறையோடு மறையக்கூடியவை.

பழைய ஒலிநாடாக்கள் பல தனியார் வீடுகளிலும் வெளிநாடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டுவோர் தலைமைக் கலைஞரின் பெயரோடு நின்றுவிடலாகாது. எந்த ஆலயம், எந்த ஆண்டு, எவருடைய உபயம் என்பவற்றோடு, இரண்டாந் தவில் வாசித்தவர், ஒத்து ஊதியவர், தாளம் போட்டவர் ஆகியோரின் பெயர்களையும் கேட்டறிந்து பதிதல் வேண்டும். திருவிழாத் துண்டுப்பிரசுரங்களில் இவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அச்சேறியதில்லை. ஒத்து ஊதுவோரின் இடத்தை இப்போது மின்சுருதிப் பெட்டி எடுத்துக்கொண்டது. மணிக்கணக்காக ஒரே சுருதியில் மூச்சை நிறுத்திநின்ற அம்மனிதரை நினைவில் வைத்திருப்போர் இன்று முதியோர் மட்டுமே.