தகடு மட்டும் போதாது

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முற்பகலில் நாடு முழுவதுமே மின்சாரத்தை இழந்தது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்றினால் ஏற்பட்ட கோளாறே காரணமென அரசாங்கத் தரப்பில் அப்போது கூறப்பட்டது.

அன்றைய தினம் கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தியிருந்த வீடுகளிலும் பெரும்பாலும் மின்விசிறி சுழலவில்லை. பிரதான மின்வழங்கலுடன் இணைந்த தொகுதி, அது தடைப்பட்டவுடன் தானாகவே நின்றுவிடும். கம்பிகளைத் திருத்தும் ஊழியர்களின் உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. எனவே மின்தடையின்போது வெளிச்சம் வேண்டுமாயின் மின்சாரத்தைச் சேமிக்கும் பற்றரி அவசியமாகும்.

சிறு வீடுகளிலும் கடைகளிலும் ஒரு தகடும் ஓர் ஈய அமில பற்றரியும் கொண்ட 12 வோல்ற் தொகுதிகள் உண்டு. சில வருடங்களில் நள்ளிரவுக்கு முன்னரே விளக்கு மங்கத் தொடங்கும். உடனே இன்னுமொரு தகட்டை வாங்குவோர் பலர். ஆனால், ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நீர் வார்த்தும் பயனில்லை.

முதலில் தேவையைக் கணக்கிட வேண்டும். 8 வாற் விளக்குகள் மூன்று 5 மணித்தியாலங்கள் எரிந்தால் 120 வாற் மணி. 20 வாற் விசிறியொன்று 8 மணித்தியாலங்கள் சுழன்றால் 160. தொலைபேசிகளுக்கும் இணையக் கருவிக்கும் 120 என வைத்துக்கொண்டால், மொத்தம் 400 வாற் மணி. 100 அம்பியர் மணி ஈய அமில பற்றரியில் 1200 வாற் மணி இருப்பினும், அதில் பாதிக்கு மேல் அடிக்கடி எடுத்தால் அதன் ஆயுள் விரைவில் குறையும். பழைய பற்றரியிடம் அந்தப் பாதியைக்கூட எதிர்பார்க்க முடியாது. அதே அளவுடைய லித்தியம் இரும்பு பொஸ்பேற்று பற்றரியிலிருந்து சுமார் 1000 வாற் மணியைத் தயக்கமின்றி எடுக்கலாம். விலை கூடுதலாயினும் அது பல மடங்கு காலம் உழைக்கும்.

எனினும், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. மின்னேற்றக் கட்டுப்படுத்தியை லித்தியத்துக்குரிய அளவுக்கு, பொதுவாக 14.2 முதல் 14.6 வோல்ற்றுக்கு, மாற்றியமைக்க வேண்டும். ஈய அமில பற்றரிக்கெனச் செய்யப்படும் உயர் அழுத்தச் சமப்படுத்தல் ஏற்றத்தை நிறுத்திவிட வேண்டும். அந்த வசதியற்ற பழைய கட்டுப்படுத்தியையும் மாற்றுவதே உத்தமம்.

தகட்டின் முறை அதன் பின்னரே வருகிறது. 100 வாற் தகடொன்று நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 300 முதல் 400 வாற் மணி வரை தரக்கூடும். மேற்கூறிய தேவைக்கு அது மட்டுமட்டானது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அதுவும் கிடையாது. ஆகவே 200 வாற் இருப்பதே பாதுகாப்பானது.

பாதுகாப்பு விடயத்தில் சிக்கனம் கூடாது. 12 வோல்ற்றில் 600 வாற் கருவியை இயக்கினால் கம்பியில் 50 அம்பியர் மின்னோட்டம் பாயும். மெல்லிய கம்பி சூடேறித் தீப்பிடிக்கலாம். பற்றரியின் நேர்முனைக்கு மிக அருகில் உருகி இருக்க வேண்டும். தகரக் கூரையின் கீழுள்ள வெப்பமான மூலையில் பற்றரியை வைக்கலாகாது. கழித்த ஈய அமில பற்றரியை வீட்டில் உடைப்பதும் ஆபத்தானது. ஈயம் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதை முறையாகச் சேகரிப்போரிடமே ஒப்படைக்க வேண்டும்.

கடன்பட்டும் நகையை அடகு வைத்தும் இத்தொகுதிகளை வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் இரவில் கடை திறக்கும் சிறு வியாபாரிக்கும் அந்த வெளிச்சம் ஆடம்பரமல்ல. விற்பனையாளர் எத்தனை தகடுகள் வேண்டுமெனக் கேட்கும்போது, ஓர் இரவின் தேவை எவ்வளவு, அதைத் தாங்கும் பற்றரி எது என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். அக்கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்த பின்னரே பணத்தைக் கொடுப்பது புத்திசாலித்தனமாகும்.