எல்லாமே சுரங்கத் தூசி அல்ல

கோலார் தங்கவயலில் வயதானவருக்கு மூச்சு வாங்கினால் 'சுரங்கத் தூசிதான்' என்று முடித்துவிடுவார்கள். அதற்குக் காரணமும் உண்டு. 1940-களில் இங்கே தொழிலாளர்களைச் சோதித்தபோது பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் என்ற தூசி நுரையீரல் நோய் இருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். அப்போது நாற்பது வயதில் வேலை போனவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். அந்த வயதில் மூச்சிரைப்போடு விட்டுவிட்டுக் காய்ச்சலும் வந்து, பசி போய், உடம்பு இளைத்தால் தூசியையும் டிபியையும் மட்டும் நினைத்தால் போதாது. இதய வால்வையும் பார்க்க வேண்டும்.

வால்வு இதழ்கள் மெல்லியவை. நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடுகின்றன. வயது ஏற ஏறச் சுண்ணாம்பு படிந்து தடித்துப்போகும். ரத்தம் அங்கே சுழித்துப் பாய்வதால் மேல்பரப்பு தேய்ந்து, தட்டணுக்கள் படியும். ஈறு, குடல், சிறுநீர்ப் பாதை, டயாலிசிஸ் ஊசி என ஏதோ ஒரு வழியில் ரத்தத்துக்குள் வந்த கிருமி அந்தப் படிவில் ஒட்டிக்கொள்கிறது. இதழுக்குள் ரத்தக் குழாய்கள் அநேகமாக இல்லை. எதிர்த்து நிற்க வெள்ளணுக்கள் போதுமான அளவு வந்துசேராது. கிருமியும் உறைந்த ரத்தமும் திரண்டு கட்டியாகத் தொங்கும். இதுதான் இதய வால்வுத் தொற்று. துண்டு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். குடலிலிருந்து வரும் ஒரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகப்பட்டால், பெருங்குடலில் புற்றுநோய் இருக்கிறதா என்றும் மருத்துவர்கள் தேடுவார்கள்.

முதியவர்களில் சிலருக்குக் காய்ச்சலே தெரியாது; சோர்வும் மனக்குழப்பமும்தான் இருக்கும். 'வயசாயிடுச்சு' என்று வீட்டில் விட்டுவிடுவது இதனால்தான்.

இதில் பெரிய தடங்கல், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் ஆன்டிபயாடிக். நாலு மாத்திரையில் காய்ச்சல் தணியும், நோய் போகாது. பிறகு ரத்தத்தை எடுத்துக் கல்ச்சர் செய்தால் கிருமி வளராது. எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரியாமல் போகும். மருந்துக்கு முன்பே வெவ்வேறு இடங்களில் ஊசி குத்தி மூன்று முறை ரத்தம் எடுப்பதுதான் முறை. கூடவே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், அதில் தெளிவில்லையென்றால் உணவுக்குழாய் வழியே எடுக்கும் எக்கோ.

பெனிசிலின் வருமுன் இந்த நோய் வந்தவர்கள் அநேகமாகப் பிழைத்ததில்லை. இன்று பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் நரம்பில் மருந்து ஏற்றுகிறார்கள். வால்வு கிழிந்துவிட்டால் ஆபரேஷன். சிகிச்சைக்காக அவ்வளவு நாள் பெங்களூரில் தங்குவது பென்ஷனர் குடும்பத்துக்குப் பெரும் சுமைதான்.

செயற்கை வால்வு வைத்தவர்களும், இந்த நோய் முன்பே வந்தவர்களும் பல் பிடுங்கும் முன் பல் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பெனிசிலின் ஒவ்வாமை இல்லையென்றால், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு 2 கிராம் அமாக்சிசிலினை ஒரே வேளையாகத் தருவார்கள். மற்ற முதியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மாத்திரை தேவையில்லை; ஈறில் ரத்தம் கசிந்தால் அதைக் காட்டிக்கொண்டால் போதும்.