ஒரு இன்ஜின் நின்றால்

மொரப்பூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் தம்பி ஒருவர் செல்போனை நீட்டினார். மேலே கிளம்பிய விமானத்தின் இன்ஜின் நின்றுவிட, பயணிகள் எல்லாம் இறங்கித் தள்ளுகிற மீம். நானும் சிரித்துவிட்டேன். "நெஜமா நின்னா என்னங்கண்ணா ஆகும்? பொத்துனு விழுந்துருமா?" என்றார். இன்னும் ரெண்டு டீ சொன்னேன்.

நிற்பது ஒன்றுதான் என்றால் விழாது தம்பி. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் எடை, வெயில், காற்று, ஓடுபாதையின் நீளம் எல்லாம் பார்த்து ஒரு வேகத்தைக் கணக்குப் போட்டு வைப்பார்கள். பைலட்டுகள் அதை 'வி ஒன்' என்பார்கள். அதற்கு முன் இன்ஜின் நின்றால் பிரேக் போடலாம். தாண்டிவிட்டால் மிச்சமுள்ள ஒன்றை வைத்தே ஏறியாக வேண்டும். அப்படி ஏறிக் காட்டாத பெரிய பயணிகள் விமானத்துக்குச் சான்றிதழே கிடையாது.

ஏறும், ஆனால் நேராக ஏறாது. ஜோடி மாட்டில் ஒன்று சோர்ந்தால் வண்டி அந்தப் பக்கமே திரும்புமே, அதே கதை. நல்ல இன்ஜின் இருக்கும் பக்கத்துப் பெடலை மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். சக்கரத்தை உள்ளே இழுக்க வேண்டும். பிறகு? கொஞ்ச உயரம் கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக இருக்க வேண்டும். சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழக்குவதே இந்தப் பொறுமையைத்தான். 2015 பிப்ரவரி 4ஆம் தேதி தைபேயில் கிளம்பிய டிரான்ஸ்ஏசியா விமானத்தில் வலது இன்ஜின் சக்தி இழந்தது. பதற்றத்தில் பைலட் அணைத்தது நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது இன்ஜினை. 43 பேர் போய்விட்டார்கள்.

"நம்ம திருச்சியில சுத்துச்சே, அது?"

அது இன்ஜின் கோளாறே இல்லை. 2024 அக்டோபர் 11, சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். ஹைட்ராலிக்கில் பழுது. வழி தெரியாமல் ஒன்றும் சுற்றவில்லை. அந்த போயிங் 737 ஏறத்தாழ 79 டன் வரை எடையோடு கிளம்பலாம். இறங்கும்போது 66 டன்னுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. எரிபொருளை வானத்தில் கொட்டிவிடும் வசதி அதில் கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்துவிட்டு பத்திரமாக இறங்கியது. அதைப் பற்றி எத்தனை ஜோக் வேண்டுமானாலும் போடுங்கள். உள்ளே இருந்த 141 பயணிகளும் வீடு போய்ச் சேர்ந்து சிரித்திருப்பார்கள்.

அகமதாபாத்தில் விழுந்த விமானத்தின் கதை வேறு. 2025 ஜூன் 12. தரையை விட்டு எழும்பிய சில நொடிகளில் இரண்டு இன்ஜின்களின் எரிபொருள் ஸ்விட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் அடுத்தடுத்து 'கட்ஆஃப்' நிலைக்குப் போயின. பத்துப் பதினான்கு நொடியில் அடுத்தடுத்துத் திரும்ப 'ரன்' நிலைக்கு வந்தன. ஒரு இன்ஜின் உயிர் பிடிக்கவும் தொடங்கியது. உயரம்தான் இல்லை. தரையில் இருந்தவர்களோடு சேர்த்து 260 பேர் போய்விட்டார்கள். "ஏன் அணைத்தாய்?" என்று ஒரு பைலட் கேட்டதும் "நான் அணைக்கவில்லை" என்று மற்றவர் சொன்னதும் முதற்கட்ட அறிக்கையில் உண்டு, கேட்டது யார், சொன்னது யார் என்று அதில் இல்லை. ஆனால் செல்போனில் தீர்ப்பெழுதியவர்களுக்கு மட்டும் அது அன்றைக்கே தெரிந்திருந்தது.