கடல் கொண்டுவந்த மதங்கள் – 11: சனிக்கிழமை ஓடாத செக்கு

சென்ற வாரம் பழவேற்காட்டில் நிறுத்தியிருந்தோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகளுக்குக் கிழக்கே ஏரியை ஒட்டிக் கிடக்கும் அந்த ஊரில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் அதுதான். கோட்டை இருந்தது, கம்பெனிச் சம்பளத்தில் பாதிரியார் இருந்தார். அப்படி வந்தவர்களில் ஒருவரான ஆபிரகாம் ரோஜேரியஸ், பிராமணர்களிடம் கேட்டுக் கேட்டு இந்து சமயம் பற்றி எழுதிய நூல் 1651-இல் ஹாலந்தில் அச்சேறியது. இன்று அங்கே டச்சுச் சபை கிடையாது. தொல்லியல் துறை காக்கும் கல்லறைகள்தான் உண்டு. அதே ஊரில், தங்கள் முன்னோர் அரேபியாவிலிருந்து மரக்கலத்தில் வந்தவர்கள் என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கிறது. கோட்டையும் சம்பளப் பாதிரியும் வைத்திருந்த மதம் போனது. கல்யாணத்தையும் பந்தியையும் இந்த மண்ணிலேயே நடத்திய மதம் நின்றது. டச்சுக்காரர்கள் உத்தியோகத்துக்கு வந்தவர்கள்தானே, அவர்களை எப்படி ஒப்பிடலாம் என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். ஆகவே ஒரே மதத்தின் பல கிளைகளை எடுத்துப் பார்ப்போம். இந்தியாவின் யூதர்கள் அதற்கு வசதியானவர்கள்.

பழவேற்காட்டுக்குத் தெற்கே, ஆங்கிலேயரின் சென்னைப்பட்டினத்தில் 17-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் போர்த்துகீசிய யூத வணிகர்கள் குடியேறினார்கள். பவளமும் வெள்ளியும் கொண்டுவந்து இறக்குவார்கள். கோல்கொண்டா வைரத்தை வாங்கி லண்டனுக்கு அனுப்புவார்கள். அவர்களில் முக்கியமானவரான ஜாக் டி பைவா 1687-இல் இங்கேயே இறந்தார். மறு வருஷம் சென்னை மாநகராட்சி அமைந்தபோது ஆல்டர்மேன்களில் யூதர்களும் இருந்தார்கள். ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு அந்த வியாபாரத்தின் மிச்சம். பணம், செல்வாக்கு, லண்டன், ஆம்ஸ்டர்டாம் தொடர்பு எதற்கும் அவர்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் அந்தச் சமூகம் இங்கே தழைக்கவில்லை. பிரேசிலில் வைரம் கிடைத்ததும் கோல்கொண்டாவின் மவுசு குறைந்தது என்பது சரித்திரக்காரர்கள் சொல்லும் காரணம். வியாபாரம் படுத்ததற்கு அது போதுமான காரணம். ஒரு மதம் காணாமல் போனதற்குப் போதாது. பலர் சம்பாதித்ததும் லண்டனுக்குத் திரும்பினார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் எரிந்த யூத அடுப்பு என்று சென்னையில் ஒன்று நிலைக்கவில்லை. லாயிட்ஸ் சாலைக்கு மாற்றப்பட்ட சில கல்லறைக் கற்களோடு கதை முடிந்தது.

அடுப்பு என்று சும்மா சொல்லவில்லை. இந்த வணிகர்கள், 1497-இல் போர்ச்சுகலில் கட்டாய ஞானஸ்நானம் பெற்ற யூதர்களின் வழிவந்தவர்கள். வெளியே கிறிஸ்தவர், உள்ளே யூதர் என்று வாழ்ந்தவர்களைப் பிடிக்க மத விசாரணை மன்றம் எதைத் தேடியது? வேதாந்த விசாரம் செய்யவில்லை. வெள்ளி மாலையே மறுநாளுக்கும் சமைத்து வைக்கிறார்களா, சனிக்கிழமை சலவைத் துணி உடுத்துகிறார்களா, பன்றிக்கொழுப்பை விட்டு எண்ணெயில் வதக்குகிறார்களா என்றுதான் பக்கத்து வீட்டாரிடம் விசாரித்தது. கோவாவிலும் 1560-இல் அந்த மன்றம் வந்தது. இந்திய மூலிகைகள் பற்றி நூல் எழுதிய புகழ்பெற்ற மருத்துவர் கார்சியா ட ஓர்ட்டாவின் தங்கை கத்தரீனா 1569-இல் எரிக்கப்பட்டார். அதற்கு முன்பே இறந்துவிட்ட ஓர்ட்டாவின் எலும்புகளை 1580-இல் தோண்டியெடுத்துக் கொளுத்தினார்கள். ஒரு மதம் எங்கே உயிர்வைத்திருக்கிறது என்பதை அதன் பக்தர்களைவிட அதன் எதிரிகள் துல்லியமாகக் கணித்திருந்தார்கள்.

இப்போது மேற்குக் கரைக்குப் போவோம். கொங்கணத்தின் பெனே இஸ்ரேல் என்ற யூதர்கள் ஏழைகள், எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள். கப்பல் உடைந்து நவ்காவ் கரையில் ஒதுங்கிய ஏழு ஆண்கள், ஏழு பெண்களின் வாரிசுகள் என்பது அவர்கள் நம்பிக்கை. அது எந்தக் காலம் என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. தோரா என்ற வேதச் சுருள் இல்லை, ரபி என்ற மதகுரு இல்லை, எபிரேயம் மறந்துபோயிற்று, பேச்சு மராத்தி. மிஞ்சியவை ஷெமா பிரார்த்தனையின் முதல் வரி, எட்டாம் நாள் விருத்தசேதனம், சில விரதங்கள், சனிக்கிழமை ஓய்வு. அன்று அவர்கள் செக்கு ஓடாது. ஊரார் அவர்களை ‘சனிவார் தேலி’ என்றார்கள், சனிக்கிழமைச் செக்கார். டேவிட் ரஹாபி என்ற யூதர் அங்கே வந்து, இவர்கள் உண்மையில் யூதர்தானா என்று சோதிக்கப் பெண்களிடம் பலவகை மீன்களைச் சமைக்கக் கொடுத்தாராம். துடுப்பும் செதிலும் இல்லாத மீனைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைக் குழம்பு வைத்தார்களாம். பழவேற்காட்டு இறாலும் நண்டும் அந்தக் கூடையில் இருந்திருந்தால் முதலில் வெளியே போயிருக்கும். வாய்வழிக் கதைதான், ஆனால் தங்களை யூதர் என்று நிரூபித்தது மீன் கழுவிய கைகள்தான் என்று ஒரு சமூகமே சொல்லிக்கொள்கிறது என்பது சான்றுதான்.

இதெல்லாம் யூத அடையாளத்தின் வேலை அல்ல, சாதியின் வேலை என்று ஒரு மறுப்பு உண்டு. பெண் கொள்ளாமல், பெண் கொடுக்காமல் ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியே வைக்கிற நாட்டில் யார்தான் கரைவார்கள்? மறுப்பில் பாதி உண்மை. சீனாவின் கைஃபெங் நகர யூதர்கள் 1163-இல் ஜெப ஆலயம் கட்டியவர்கள்; தோரா சுருள்கள் வைத்திருந்தவர்கள். அங்கே யாரும் அவர்களைத் துன்புறுத்தவும் இல்லை. அரசுத் தேர்வு எழுதி, அதிகாரிகளாகி, கலந்து மணந்து, 19-ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய முற்றிலும் கரைந்துவிட்டார்கள். சாதிச் சுவர் இல்லாத இடத்தில் புத்தகம் காப்பாற்றவில்லை. ஆனால் சாதி வேலி போடும், வேலிக்குள் என்ன பயிர் என்று சொல்லாது. பக்கத்து ஊர்த் தேலிகள் சனிக்கிழமையும் செக்கு ஓட்டினார்கள். அவர்களைப் போலவே பெனே இஸ்ரேல் மக்களும் ஓட்டியிருந்தால் இன்னொரு செக்கார் சாதியாக நிம்மதியாக இருந்திருக்கலாம், வாரத்தில் ஒரு நாள் வருமானமும் மிச்சம். அதை விட்டுக்கொடுத்தது அவர்களாகவே செய்தது.

படிப்பில்லாத அடையாளம் வெறும் பழக்கம் என்பது அடுத்த மறுப்பு. பெனே இஸ்ரேலுக்குப் பிற்காலத்தில் கொச்சி யூதர்கள் வந்துதான் தொழுகை முறை கற்பித்தார்கள். சாமுவேல் எசக்கியேல் திவேகர் பம்பாயில் அவர்களின் முதல் ஜெப ஆலயத்தைக் கட்டியது 1796-இல்தான். உண்மை, ஆசிரியர் இல்லாமல் அவர்கள் முழு யூத வாழ்வுக்குத் திரும்பியிருக்க முடியாது. ஆனால் வாத்தியார் வரும்வரை வகுப்பு கலையாமல் இருக்க வேண்டுமே. சென்னையில் புத்தகம் இருந்தது, வகுப்பு கலைந்துவிட்டது.

எனக்குக் கனமாகப் படும் மறுப்பு வேறு: காக்கிற சுவரே நெரிக்கவும் செய்யும். கொச்சியில் 1568-இல் பரதேசி ஜெப ஆலயத்தைக் கட்டியவர்கள், தங்களிடம் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களின் வழிவந்த யூதர்களைச் சமமாக உள்ளே உட்கார விடவில்லை. அந்த வழியில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம் 20-ஆம் நூற்றாண்டில் அந்த ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்துதான் சில உரிமைகளை வாங்கினார். ‘யூத காந்தி’ என்று பெயர் வந்தது. கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். எண்ணிக்கை ஏற்கெனவே சிறுத்த கூட்டம், பெண் கொடுக்க மறுத்து மறுத்து இன்னும் சிறுத்தது. இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்ததும் சேர்ந்துகொள்ள, கடைசியில் அந்தப் பத்துப் பேருக்கே வெளியூர்க்காரர்களை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. சனிக்கிழமை ஓய்வும் மீன் விதியும் மதத்தின் கட்டளை. தோல் நிறத்தை வைத்து யூதனை யூதன் விலக்குவதற்கு அந்த மதத்தில் இடமில்லை. அது ஊரிலிருந்து தொற்றியது. அடையாளம் என்ற ஒரே பெயரில் இரண்டும் உலவுவதுதான் சிக்கல்.

அந்தச் சிக்கல் பெனே இஸ்ரேலையும் விடவில்லை. இஸ்ரேலுக்குப் போனவர்களின் திருமணத் தகுதி குறித்து அங்குள்ள தலைமை ரபிகளின் அமைப்பே சந்தேகம் கிளப்பியது. 1960-களின் தொடக்கத்தில் அவர்கள் ஜெருசலேமில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். எல்லா வகையிலும் இவர்கள் யூதர்களே என்று 1964-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தீர்மானம் போட வேண்டிவந்தது. தீர்மானத்தோடு அவர்கள் கொங்கணத்தை உதறிவிடவில்லை. நல்ல காரியம் நடந்தால் அவலில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, பழங்களை அடுக்கி, எலியா தீர்க்கதரிசிக்கு எபிரேயத்தில் பாடி நன்றி சொல்லும் ‘மலீதா’ இன்று இஸ்ரேலியக் குடியிருப்புகளில் நடக்கிறது. கொச்சிப் பெண்களின் மலையாளப் பாட்டுகளும் அவர்களோடு அங்கே போயின. அடுத்த வாரம் அவை.