உபுண்டு போச்சு... விண்டோஸ் எங்கே மச்சி?

ராத்திரி பதினொன்றரை மணி. மறுநாள் காலையில் ப்ராஜெக்ட் ரிவ்யூ. தண்ணி பிடிக்கப் போன என் காதில், எங்க ஹாஸ்டல் ரூமிலிருந்து 'ஐயோ!'ன்னு ஒரு அலறல். பாம்புதான் வந்துடுச்சோன்னு ஓடிப் பார்த்தா, ரூம்மேட் தலையில் கை வச்சு உட்கார்ந்திருக்கான். லேப்டாப்பின் கறுப்பு ஸ்க்ரீன்ல 'க்ரப்'னு ஒரே ஒரு வார்த்தை. பக்கத்துல கர்சர் மட்டும் கண்ணடிச்சுட்டு இருக்கு!

விஷயம் இதுதான். ஓ.எஸ். லேபுக்காக விண்டோஸோட உபுண்டுவையும் போட்டிருந்தான். லேப் முடிஞ்சது, இடம் பத்தலை. விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குப் போய் உபுண்டு பார்ட்டிஷனை டெலிட் பண்ணி, ரீஸ்டார்ட் கொடுத்திருக்கான். அவ்ளோதான்!

"ஃபார்மெட் பண்ணிடு மச்சி"ன்னு பக்கத்து ரூம் 'டாக்டர்கள்' மருந்து எழுத ஆரம்பிச்சுட்டாங்க. டி டிரைவ்ல மூணு மாச கோடிங். பேக்கப்பா? அதெல்லாம் நல்ல பிள்ளைங்க செய்யற வேலை பாஸ்!

உண்மையில் விண்டோஸுக்கு ஒண்ணுமே ஆகலை. லேப்டாப்பை ஆன் பண்ணினதும் 'எந்த ஓ.எஸ். வேணும்?'னு கேட்கற ஆள்தான் க்ரப். அவர் கொஞ்சம் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்லயும், மிச்சம் லினக்ஸ் பார்ட்டிஷன்லயும் குடியிருப்பார். நம்மாளு ஒரு வீட்டை மட்டும் இடிச்சுட்டான். மெனு எங்கேன்னு தெரியாம அவர் வாசல்லயே முழிச்சுட்டு நிக்கிறார். விண்டோஸ் உள்ளே பத்திரமா தூங்குது.

அதனால, ஆன் பண்ணும்போதே பூட் மெனு கீயைத் தட்டினோம். டெல், லெனோவோன்னா பெரும்பாலும் எஃப்12, ஹெச்பின்னா எஃப்9. லிஸ்ட்ல 'விண்டோஸ் பூட் மேனேஜர்'. என்டர்... விண்டோஸ் வந்துடுச்சு! பயாஸ் செட்டிங்ல அதையே முதல் இடத்துக்கு ஏத்திட்டா, மறுபடி க்ரப் தொல்லை இல்லை. ரொம்பப் பழைய, எம்பிஆர் டிஸ்க் இருக்கற கம்ப்யூட்டர்னா இந்த வழி உதவாது. விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ்ல பூட் பண்ணி, ரிப்பேர் பகுதியில 'பூட்ரெக்' கமாண்டால எம்பிஆரைச் சரி பண்ணணும்.

ஒரு எச்சரிக்கை. பூட் செட்டிங்கை மாத்தினா, பிட்லாக்கர் போட்ட லேப்டாப் 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல பெரும்பாலும் சேவ் ஆகியிருக்கும். கை வைக்கறதுக்கு முன்னாடியே எழுதி வச்சுக்குங்க. அந்தக் கீ இல்லைன்னா, டேட்டாவுக்கு நிஜமாவே டாட்டாதான்!

அடுத்த கூத்து, காலி இடம். சி, டி, அதுக்குப் பின்னால உபுண்டு விட்டுப்போன இடம்... இதுதான் வரிசை. சி டிரைவ்ல 'எக்ஸ்டென்ட் வால்யூம்' அமுங்கவே மாட்டேங்குது. ஏன்னா, வலது பக்கம் ஒட்டியிருக்கற காலி இடத்தை மட்டும்தான் விண்டோஸ் சேர்த்துக்கும். நடுவுல டி நந்தி மாதிரி உட்கார்ந்திருக்கு.

"அப்ப டி-யை டெலிட் பண்ணிடவா?"ன்னு கேட்டான் பாருங்க... மௌஸைப் பிடுங்கிட்டேன். மூணு மாச கோடிங் அதுலதானடா இருக்கு!

ஜிபார்ட்டெட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணி, டி-யை வலது பக்கம் நகர்த்திட்டு சி-யைப் பெருசாக்கலாம். ஆனா மொத்த டேட்டாவும் இடம் மாறணும். மணிக்கணக்காகலாம். பாதியில சார்ஜ் போச்சுன்னா கதை கந்தல். பேக்கப் இல்லாம, ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி செய்யற வேலையா அது? காலி இடத்தை டி-க்கே கொடுத்து, சி-யில இருந்த சினிமாக்களை அங்கே தள்ளினோம். சி-க்கும் மூச்சு வந்துடுச்சு.

அங்கேயே ஒரு குட்டி பார்ட்டிஷன் தெரியும். 100 எம்பி, 260 எம்பின்னு இருக்கும். 'இதெல்லாம் எதுக்கு?'ன்னு அதையும் காலி பண்ணிடாதீங்க. அதுதான் ஈஎஃப்ஐ. விண்டோஸ் எழுந்திருக்கற வாசலே அதுதான். உள்ளே 'உபுண்டு'ன்னு மிச்சம் கிடக்கற ஃபோல்டரை கமாண்ட் ப்ராம்ப்ட் வழியா நீக்கலாம். விட்டுட்டாலும் குடி முழுகிடாது.

காலையில ரிவ்யூ முடிஞ்சது. கேன்டீன்ல டீ குடிச்சுட்டே நம்மாளு கேட்டான்: "மச்சி, ஃபெடோரா நல்லாயிருக்காமே... போட்டுப் பார்ப்போமா?"